லிப்டில் பதினேழு பேர்

ஜூன் 10

அன்பு மருமகளுக்கு,

உன் தாய்மாமன், இந்த நகரத்தின் மிக உயர்ந்த மனிதன், எழுதிக்கொள்வது. உயர்ந்த மனிதன் என்றால் சும்மா இல்லை, தினமும் இருபத்திரண்டாவது மாடியில்தான் டீ குடிக்கிறேன். நான் நலம். உன் அத்தை நலம். என் இடது முழங்கால் மட்டும் நலமில்லை, அது என்றைக்கும் என் பேச்சைக் கேட்டதில்லை. நீயும் உன் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அக்காவின் தையல் மெஷின் இன்னும் தெருமுனை வரை கேட்கிறதா?

"மாமா, இனிமே போன் பண்ணாதீங்க, மெசேஜும் வேணாம், லெட்டர் எழுதுங்க, ஜாலியா இருக்கும்" என்று நீ அனுப்பியதைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனிடம் கடிதம் கேட்கிறாய் என்றால் உன் ரசனையே ரசனை. அதுவும் நான் விட்டதாகச் சொல்வது தவறு. "இதுக்கு மேல உனக்குச் சொல்லித்தர எங்ககிட்ட ஒண்ணும் இல்லப்பா" என்று வாத்தியார்களே வாசல் வரை வந்து வழியனுப்பினார்கள்.

நான் லிப்ட் மெக்கானிக்காகச் சேர்ந்த புதிதில் நடந்ததை உனக்குச் சொல்லியிருக்கிறேனா? நாலாவது மாடிக்கும் ஐந்தாவது மாடிக்கும் நடுவில் ஒரு லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஐந்து பேர். அதில் ஒருவர் பெரிய டாக்டர். கம்பெனியே கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறது. நான் போனேன். ஒரே ஒரு ஸ்க்ரூடிரைவர். பத்தே நிமிடம். டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நான் பிழைக்க வைக்கிறவன், என்னையே பிழைக்க வெச்சிட்ட" என்றார்.

கோல்கீப்பர் கையுறை ஒரு ஜோடி பார்சலில் அனுப்பியிருக்கிறேன். "உலகத்தரம் சார்" என்றான் கடைக்காரன். "என் மருமகளும்தான்" என்றேன். போட்டி எப்போது என்று எழுது.

உன் பெருமைமிகு மாமா


ஜூன் 24

அன்புள்ள புளுகு மாமாவுக்கு,

வாயாடி எழுதுவது. நாங்கள் நலம். மெஷின் சத்தம் இப்போது அடுத்த தெரு வரை கேட்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வந்தார், அம்மா அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

போன தடவை அந்த லிப்டில் மூன்று பேர்தான் இருந்தார்கள் மாமா. டாக்டரும் இல்லை.

உங்களுக்கு மட்டும் ஒரு ரகசியம். அம்மாவுக்கு இன்னும் தெரியாது. எனக்கு ஒருவனைப் பிடித்திருக்கிறது. என் வகுப்புக்கு ஒரு வகுப்பு மேலே. கிட்டார் வாசிப்பான். அவனை எல்லோரும் கிட்டார்காரன் என்றுதான் சொல்வார்கள். ஏழு வாரமாகிறது. என் மேல் உயிரையே வைத்திருக்கிறான். ஒரு நாளைக்கு இருபது முறை போன் செய்வான். எங்கே இருக்கிறேன் என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வான். என் போனின் கடவுச்சொல்லும் அவனுக்குத் தெரியும். "பிடிச்சவங்களுக்குள்ள பூட்டு எதுக்கு?" என்று கேட்டான். கொடுத்துவிட்டேன். அவன் கடவுச்சொல்லை நானும் கேட்கவில்லை, ஏன் என்றும் தெரியவில்லை.

ஆண் குரலில் யார் போன் செய்தாலும், மாமாவாகவே இருந்தாலும், அவனுக்கு அரை மணி நேரம் விளக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் கடிதம். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நவம்பரில் இறுதிப் போட்டி. இந்த வருடம் நாங்கள்தான்.

அத்தைக்கு முத்தம். உங்களுக்கு இல்லை, நீங்கள் டாக்டரைப் பற்றிப் பொய் சொன்னீர்கள்.

வாயாடி


ஜூலை 2

அன்பு மருமகளுக்கு,

ஆசீர்வாதம். நாங்கள் நலம். நீ நலமாக மட்டும் இல்லை, காதலிலும் இருக்கிறாய் என்று அறிந்து நான் லிப்ட் இல்லாமலே எட்டு மாடி ஏறினேன்.

காதல் என்றால் மாமனிடம் கேள். நானும் உன் அத்தையும் பழகிய காலத்தில், மணிக்கு ஒருமுறை அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தகவல் வர வேண்டும். வராவிட்டால் அவள் ஆபீஸ் வாசலில் போய் நின்றுவிடுவேன், சிங்கம் மாதிரி. கம்பெனி ஆண்டு விழாவில் பாடப் போகிறேன் என்றாள். நான் ஒரு பார்வை பார்த்தேன். ஒரே பார்வை. பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்தவள்தான், இன்றுவரை வாய் திறந்து பாடியதில்லை. அதுதான் அன்பு. கிட்டார்காரன் என் வழியில் வருகிறான், விவரமான பையன்.

லிப்டில் ஒன்பது பேர் இருந்தார்கள். நன்றாக ஞாபகப்படுத்திப் பார்த்துவிட்டேன். டாக்டர் இரண்டு பேர்.

இதை அத்தைக்குத் தெரியாமல் எழுதுகிறேன். அவள் படித்தால் திருத்தம் சொல்லியே கடிதத்தைப் பாதியாக்கிவிடுவாள்.

சிங்கமாகிய உன் மாமா


ஜூலை 30

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அம்மாவும் நலம். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். காரணம் ஒன்றுமில்லை, படிப்பு.

கையுறை கிடைத்தது. அழகாக இருக்கிறது. அலமாரியில் வைத்திருக்கிறேன். ஜூலை முதல் வாரத்திலிருந்து பயிற்சிக்குப் போகவில்லை. அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு எல்லோரும் பார்க்க விழுந்து புரள்வது அவனுக்குப் பிடிக்கவில்லை. சண்டை எல்லாம் ஒன்றுமில்லை. நீங்கள் எழுதியதை அவனிடம் சொன்னேன், அத்தை பாட்டை விட்டது, மணிக்கு ஒருமுறை தகவல் சொன்னது எல்லாம். "பாத்தியா, உங்க மாமாவுக்குப் புரியுது, உனக்குத்தான் புரியல" என்றான். நானும் யோசித்துப் பார்த்தேன். அத்தை எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்கள். அப்படியென்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது. பழகிவிடும்.

அணியில் என் முன்னால் நின்று தடுப்பாளே நெட்டை, அவளிடம் இப்போது பேசுவதில்லை. அதிலும் ஒன்றுமில்லை.

கையெழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். வலது மணிக்கட்டில் கொஞ்சம் வீக்கம். போன திங்கட்கிழமை பந்து பட்டுவிட்டது. ஒன்றுமில்லை.

இப்படிக்கு


ஆகஸ்ட் 5

அன்பு மருமகளே,

நலம் விசாரிப்பு அப்புறம். முதலில் இதைப் படி. தனியாக இருக்கும்போது படி.

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். மூன்றாவது தடவை அத்தையிடம் கொடுத்தேன். அத்தைக்கு என்ன வேலை என்று உனக்குத் தெரியும். லிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எங்கள் கம்பெனியில் போனை எடுப்பது அவள்தான். இருபது வருடமாக எடுக்கிறாள். அவள் படித்து முடித்துவிட்டு, "'ஒன்றுமில்லை' நாலு இடத்துல வருது" என்றாள்.

மாட்டிக்கொண்டவர்கள் எடுத்ததும் காப்பாற்றுங்கள் என்று சொல்வதில்லையாம். "ஒண்ணுமில்ல மேடம், சும்மா நிக்குது, அவசரமில்ல, மெதுவா வாங்க" என்பார்களாம். குரல் மட்டும் சின்னதாக இருக்குமாம். உன் கடிதத்தின் குரல் சின்னதாக இருக்கிறது. நீ என்னைப் புளுகு மாமா என்று கூப்பிடவில்லை. பெயர்கூடப் போடாமல் முடித்திருக்கிறாய். ஜூலை முதல் வாரத்திலிருந்து மைதானத்துக்கே போகாதவளுக்குப் போன திங்கட்கிழமை பந்து எங்கிருந்து வந்தது? அதை நான் கேட்கவில்லை. எப்போது சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறதோ அப்போது சொல்.

நான் சொல்ல வேண்டியது வேறு. நான் பிறந்ததிலிருந்து சொன்ன எதையும் இந்தக் குடும்பத்தில் ஒருவரும் நம்பியதில்லை. உன் அம்மா நம்பியதில்லை. நீ ஐந்து வயதிலேயே நம்பவில்லை. அந்தத் தைரியத்தில்தான் அவிழ்த்துவிடுகிறேன். போயும் போயும் இந்தப் புளுகையா நம்பினாய்?

அந்த லிப்டில் ஐந்து பேர் இல்லை. ஒன்பது பேரும் இல்லை. ஒரே ஒரு ஆள். நான்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம். டூல் பை வெளியே, நான் உள்ளே. சிவப்புப் பொத்தானை அழுத்தினேன். ஒரு பெண் குரல், "எத்தனை பேர் உள்ள இருக்கீங்க?" என்றது. "ஒருத்தர்தான். நான் மெக்கானிக்" என்றேன். கம்பெனியில் அதைக் கேட்டுச் சிரிக்காத ஒரே ஆள் அவள். நாற்பது நிமிடம். நான் அழுதேன். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவள் கேட்டது ஒன்றுதான்: "பேசணுமா, சும்மா இருக்கணுமா?" நான் சும்மா இருக்கணும் என்றால் சும்மா இருந்தாள், லைனை வைக்காமல். அவளைத்தான் கட்டிக்கொண்டேன்.

மணிக்கு ஒருமுறை தகவலாவது, சிங்கமாவது. அவள் ஆபீஸ் வாசலில் நின்றேன், உண்மை. உள்ளே போகப் பயம், அதனால் நின்றேன்.

ஜூலை 2ஆம் தேதி எழுதியதை அடித்துவிடு.

உன் மாமா

வாயாடிக்கு அத்தை எழுதுவது. இவர் எழுதியது, நான் பார்த்தவரை, இவர் வாழ்க்கையில் எழுதிய முதல் உண்மை. நான் சேர்க்க வேண்டியது ஒன்றுதான். ஆண்டு விழாவில் நான் பாடினேன். சுருதி சேரவில்லை. முன்வரிசையில் மூன்று பேர் எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள். உன் மாமா மட்டும் எழுந்து நின்று கை தட்டினார், பாட்டு முடிவதற்கு முன்பே. இப்போதும் குளிக்கும்போது பாடுகிறேன். அவர் கதவுக்கு வெளியே நின்று தப்புத் தப்பாகத் தாளம் போடுகிறார். நீ பேசணுமா, சும்மா இருக்கணுமா?


ஆகஸ்ட் 27

அன்பு மருமகளுக்கு,

நலமா? மூன்று வாரமாகத் தபால்காரரைப் பார்த்தால் எனக்கு முழங்கால் வலி மறந்துபோகிறது. அவர் இப்போது என்னைப் பார்த்தால் தெருவின் அந்தப் பக்கமாகப் போகிறார்.

பெரிய ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன். அத்தை ஸ்பேனரை ஒளித்து வைத்துவிட்டாள். "கதவை வெளியே இருந்து உடைச்சா உள்ள இருக்கறவங்க கைதான் மாட்டும், இது உங்களுக்கே தெரியும்" என்கிறாள். தெரியும். அதனால் உட்கார்ந்திருக்கிறேன்.

அக்காவிடம் போனில் பேசினேன். மெஷின் சத்தத்தைப் பற்றியே பேசினேன். உன்னைக் கேட்காமல் சொல்லவில்லை. ஆனால் சும்மா இருப்பதற்கும் ஓர் அளவு வைத்திருக்கிறோம். இன்னும் பத்து நாள். அதற்குள் உன் கையெழுத்து வராவிட்டால் நானும் அத்தையும் கிளம்பி வந்து அக்காவிடம் பேசுவோம். திருட்டுத்தனமாக இல்லை, இதோ உனக்குச் சொல்லிவிட்டுத்தான். அதற்கு முன்பே பேச வேண்டுமென்றால், உன் போன்கூட வேண்டாம். எங்கள் கம்பெனி லிப்ட் இருக்கும் எந்தக் கட்டடத்துக்குள் வேண்டுமானாலும் போய்ப் பொத்தானை அழுத்து. அத்தைதான் எடுப்பாள்.

மாமா


செப்டம்பர் 4

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

நலமில்லை. அதைத்தான் முதலில் எழுத வேண்டும் என்று முடிவு செய்தேன்.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கோபம் வந்தது. மாமா இதிலும் புளுகுகிறார், அத்தையும் சேர்ந்துகொண்டார்கள் என்று நினைத்தேன். அதை நிரூபிக்க ஒரு காரியம் செய்தேன். ஒரு தாளில், எனக்கும் அவனுக்கும் நடந்ததை எல்லாம் எழுதினேன். அவன் என்று வரும் இடத்தில் மாமா என்றும், நான் என்று வரும் இடத்தில் அத்தை என்றும் போட்டேன். மாமா எழுதிய காதல் கதை மாதிரிதானே இருக்கும் என்று பார்த்தேன்.

மாமா அத்தையின் போனை வாங்கி நெட்டையின் எண்ணை அழித்தார். சிரிப்பு வந்தது. மாமா, "உன்ன மாதிரி ஒருத்திய என்னைத் தவிர யார் பாப்பா?" என்று அத்தையிடம் சொன்னார். இன்னும் சிரிப்பு வந்தது, ஏனென்றால் அத்தை உங்களைப் பார்க்கும் பார்வையை நினைத்துக்கொண்டேன். அத்தை பதில் சொல்ல ஐந்து நிமிடம் தாமதமானதால் மாமா அத்தையின் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினார். பிறகு அழுதார். மறுநாள் பூ வாங்கி வந்தார்.

அங்கே சிரிப்பு நின்றுவிட்டது. மாமா அப்படிச் செய்ய மாட்டார். மாமாவால் அதைப் புளுகக்கூட முடியாது. பேனாவை வைத்துவிட்டேன்.

பந்து படவில்லை, மாமா.

விட்டுவிடலாம் என்று ஒருமுறை சொன்னேன். "நீ போனா நான் செத்துருவேன்" என்றான். நிஜமாகச் செய்துவிட்டால்? அதனால்தான் பதில் எழுத இத்தனை நாள். பேசணும், அத்தை.

வாயாடி


செப்டம்பர் 8

எங்கள் வாயாடிக்கு,

கூரியரில் அனுப்புகிறோம். இந்த முறை அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு சொல்லைக்கூடக் கூட்டவில்லை.

நீ செய்தது எதிலும் தப்பில்லை. அந்தத் தாளைக் கிழிக்காதே, அம்மாவிடம் கொடு. வாயால் சொல்ல வராவிட்டால் தாள் சொல்லும். அவனிடம் தனியாகப் போய் எதுவும் சொல்லாதே, மெசேஜில் சண்டை போடாதே. பள்ளியில் மாணவர்களுக்கு ஆலோசகர் இருப்பாரே, அம்மாவோடு அவரிடம் போ. செத்துவிடுவேன் என்று சொல்கிறவனை அலட்சியப்படுத்தவும் வேண்டாம், அதற்காக அவனோடு இருக்கவும் வேண்டாம். அவன் வீட்டுப் பெரியவர்களிடம் ஆலோசகரே சொல்லட்டும். அவனைப் பார்த்துக்கொள்வது அவர்கள் வேலை, பதினேழு வயதுப் பெண்ணின் வேலை இல்லை. லிப்ட் நின்றால் உள்ளே இருக்கிறவர் மோட்டார் ரிப்பேர் பார்க்க வேண்டியதில்லை. வெளியே வந்தால் போதும்.

கடைசி இரண்டு வரியை நான் சொன்னேன், அத்தை அனுமதித்தாள்.

மாமா, அத்தை


அக்டோபர் 3

அன்புள்ள புளுகு மாமாவுக்கும் அத்தைக்கும்,

நாங்கள் நலம். இந்த முறை நிஜமாகவே நலம்.

உங்கள் கூரியர் வந்த அன்று மாலை அம்மா தைத்துக்கொண்டிருந்தாள். தாளை மெஷின் மேலேயே வைத்தேன். ஒரு கையால் துணியைத் தள்ளிக்கொண்டே படித்தாள். "என்னடி இது, என் தம்பி இப்படியா பண்ணான்?" என்றாள். "மாமா இல்லம்மா" என்றேன். மெஷின் நின்றுவிட்டது. தெருவே அமைதியாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் என்ன ஆயிற்றோ என்று எட்டிப் பார்த்தார். அம்மா என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். என் மணிக்கட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான்.

மறுநாள் பள்ளி ஆலோசகரிடம் போனோம். மூன்று நாள் கழித்து அவர் கிட்டார்காரனையும் அவன் அக்காவையும் வரவழைத்தார். எல்லோரும் இருக்கும்போதே, "இனிமே வேணாம்" என்று அவனிடம் சொன்னேன். மூன்று நாள் ஒத்திகை பார்த்ததில் பாதிதான் வெளியே வந்தது. அழுதான், கத்தினான், பிறகு அந்தப் பழைய வார்த்தையைச் சொன்னான். அவன் அக்கா எழுந்து அவன் தோளைப் பிடித்து, "வாடா, வீட்டுக்குப் போலாம். உன்னை நான் பாத்துக்கறேன். அது அவ வேலை இல்ல" என்றாள். அந்த அக்காவுக்கு நான் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

ஒரு வாரம் தினமும் பள்ளி விட்டதும் வாசலில் எனக்காக நின்றான். எனக்குப் பயமாக இருந்தது. அதற்குள் நெட்டைக்கு விஷயம் தெரிந்துவிட்டது. என்னைப் பார்த்து, "பேசணுமா, சும்மா விளையாடணுமா?" என்றாள். அத்தை, சத்தியமாக நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே கேட்டாள். "விளையாடணும்" என்றேன். அன்றிலிருந்து அணியே என்னை வீடு வரை கொண்டுவந்து விட்டது. முழங்கால் வரை காலுறை, முகமெல்லாம் மண், நடுவில் நான். நாலாவது நாள் பள்ளிக்கூடம் அவனைக் கூப்பிட்டுக் கண்டித்தது. பிறகு அவன் வாசலில் நிற்பதில்லை.

சில சமயம் அந்தக் கிட்டார் ஞாபகம் வருகிறது. அதையும் எழுதிவிடுகிறேன்.

கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். இனி போனிலேயே கூப்பிடலாம், மாமா. போன் என் கையில்தான் இருக்கிறது.

வாயாடி


அக்டோபர் 12

அன்பு மருமகளுக்கு,

நலம், நலம், நலம். அத்தை ஸ்பேனரைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

போனெல்லாம் எனக்கு ஒத்து வராது. போனில் நான் ஒன்று சொன்னால் அத்தை பக்கத்திலிருந்து மூன்று திருத்தம் சொல்கிறாள். கடிதமே நல்லது. உன் கடிதத்தை இருபத்திரண்டாவது மாடியில் உட்கார்ந்து படித்தேன். கீழே இறங்கும்போது லிப்டில் இருந்தவர்களிடம் எல்லாம் என் மருமகளைப் பற்றிச் சொன்னேன். நடுவழியில் இரண்டு பேர் இறங்கிப் படியில் போய்விட்டார்கள். பொறாமை.

நவம்பர் போட்டிக்கு நாங்கள் இருவரும் வருகிறோம். விசில், மேளம், அத்தையின் பாட்டு எல்லாம் உண்டு. எதிரணி அதிலேயே பாதி சரிந்துவிடும்.

அப்புறம், நிதானமாக யோசித்துப் பார்த்ததில், அந்த லிப்டில் பதினான்கு பேர் இருந்தார்கள்.

மீண்டும் சிங்கமாகிய உன் மாமா


நவம்பர் 23

அன்புள்ள புளுகு மாமாவுக்கும் அத்தைக்கும்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்களா? மாமாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? வேலி மேல் ஏறி விசிலடித்தால் அப்படித்தான் ஆகும். அத்தை பாட ஆரம்பித்ததும் எதிரணி ஆட்டக்காரி திரும்பிப் பார்த்தாளே, அந்தக் கோலை நான் தடுத்ததாகவே சொல்ல முடியாது, அது அத்தை தடுத்தது.

என் வகுப்பில் கேட்டவர்களிடம் எல்லாம் ஒன்பது பெனால்டியைத் தடுத்தேன் என்று சொல்லிவருகிறேன். உங்களுக்கு உண்மை தெரியும். இரண்டு. அதில் ஒன்று கம்பத்தில் பட்டது. கையுறையின் கட்டைவிரல் தையல் விட்டுவிட்டது, அம்மா மெஷினில் போட்டுத் தைத்துவிட்டாள். உலகத்தரம் என்று சொன்ன கடைக்காரனை நீங்கள் இனி நம்ப வேண்டாம்.

நேற்று நெட்டையிடம் உங்கள் லிப்ட் கதையைச் சொன்னேன். வாய் தவறி, உள்ளே பதினேழு பேர் என்று சொல்லிவிட்டேன். "எட்டுப் பேர் போற லிப்ட்ல பதினேழு பேர் எப்படிடி?" என்றாள்.

"உள்ள மாட்டினது ஒருத்தர்தான்டி. வெளிய வந்தப்போ பதினேழு பேர் சந்தோஷம் அவருக்கு" என்றேன்.

 அவள் பந்தை எடுத்து என் மேல் எறிந்தாள். பிடித்துவிட்டேன்.

உங்கள் வாயாடி